அவர் டேங்க்கைக் கழற்றித்தான் வைத்தார்

இதை எழுத வேண்டும் என்று ஏழு வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். நோட்டு வாங்கி, மேலே பிள்ளையார் சுழி போட்டு, அதற்குக் கீழே ஒரு வரி கூட எழுதாமல் மூடி வைத்திருக்கிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன், நமக்கு எழுத்து வராது என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். அது பொய். பயம்தான் காரணம். பயம் இன்னும் போகவில்லை. இருந்தாலும் இருக்கன்குடி ஆத்தா மேல் ஆணையாக, கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்.

நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் நான் வேலை பார்க்கிறவன். வீடு விஸ்வநத்தத்தில். என் மனைவியும் அதே கம்பெனியில் பாக்கெட் போடும் வேலையில் இருந்தாள். ஒரு மழை நாளில் கம்பெனி வேனிலிருந்து இறங்கும்போது படி வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துபோனது. ஆபரேஷன் செய்து கம்பி வைத்தார்கள். மெதுவாக நடந்தாள். ஆனால் வேன் படிக்குக் காலைத் தூக்க முடியவில்லை. பைக் சீட்டின் உயரத்துக்கு ஏறி மற்ற பெண்களைப் போல ஒரு பக்கமாக உட்காரவும் முடியவில்லை.

"உக்காந்து பாக்குற வேலைதான? என்னைக் கொண்டுபோய் இறக்கி விட்டுட்டா நான் பாத்துக்கிடுவேன்" என்பாள். வீட்டிலேயே கிடப்பது அவளுக்குப் பெரிய வேதனையாக இருந்தது. எங்கள் இருவர் சம்பளத்தில் ஓடிய வீடு அது.

அதனால்தான் ஒரு பைக்கை வாங்கினேன். விருதுநகரில் ஒரு காயலான் கடையில் சுவரோரம் சாய்ந்து கிடந்தது. முப்பது வருஷத்துப் பழைய வண்டி. சீட்டுக்கு அடியில் எலி குட்டி போட்டிருந்தது. மிளகாய் மூட்டை ஏற்றி வந்த மினி லாரிக்காரர் ஒருவர் திரும்பும்போது ஏற்றிக்கொண்டு வந்து இறக்கிவிட்டார். வண்டியைத் துடைக்கத் துடைக்க நானும் என் மனைவியும் மாறி மாறித் தும்மினோம். விழுந்த நாளுக்குப் பிறகு அவள் அன்றைக்குத்தான் சிரித்தாள்.

மெயின் ரோட்டுத் திருப்பத்தில் கிடுகுக் கொட்டகை போட்டு மெக்கானிக் ஒருவர் இருந்தார். எனக்குச் சொந்தம் இல்லை. ஆனாலும் மச்சான், மாப்ளே என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். வண்டியைப் பார்த்ததும் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"ஏலே மாப்ள, இது வண்டியாலே? இதைப் போட்டா கால் கிலோ பேரீச்சம்பழம் தருவானா?"

"உங்க தங்கச்சிக்காக மச்சான். அவ ரெண்டு காலையும் ஒரு பக்கம் வச்சு உக்கார்ற மாதிரி வேணும். சீட்டு தாழ இருக்கணும்."

அதற்குப் பிறகு அவர் கேலி பேசவில்லை. ஒரு துணியை எடுத்து எஞ்சினைத் துடைக்க ஆரம்பித்தார்.

ஆறு மாதம், ஞாயிற்றுக்கிழமை தோறும் அந்த வேலை நடந்தது. எஞ்சினைப் பிரித்து மண்ணெண்ணெயில் ஊறப் போட்டோம். சிலிண்டரைக் கடைந்து போர் அடிக்க மட்டும் விருதுநகர் லேத்துக்குப் போனது. மற்றதெல்லாம் பழசில் பழசைப் பொறுக்கியதுதான். ஹேண்டில் பார் ஒரு வண்டியிலிருந்து, ஷாக் வேறொரு வண்டியிலிருந்து. பின்பக்கச் சட்டத்தை அறுத்து நான்கு விரல் அளவுக்கு இறக்கினார். யாரோ வெளியே தூக்கிப் போட்ட சோபாவின் பஞ்சை வெட்டி, பை தைக்கிறவரிடம் கொடுத்து சீட்டு தைத்தோம். முதுகுக்கு ஒரு கம்பி வளைவு. கால் வைக்க, இடது பக்கம் ஒரு இரும்புத் தட்டு; அதே சட்டத்தில் சாமான் வைக்க ஒரு பக்கப் பெட்டி. என் மனைவியை ஸ்டூலில் உட்கார வைத்து, முழங்கால் எவ்வளவு மடங்குகிறது என்று சணலால் அளந்து அந்தத் தட்டின் உயரத்தை முடிவு செய்தார்.

வெல்டிங் வைக்கிற ஒவ்வொரு நாளும் அவருக்கு ஒரு முறை இருந்தது. முதலில் பெட்ரோல் டேங்க்கைக் கழற்றுவார். அதைக் கொட்டகையின் பின்சுவரோரம் கொண்டுபோய் வைத்து, ஈரச் சாக்கு போட்டு மூடுவார். பாட்டரி ஒயரை உருவுவார். பிறகு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பார். நான் அவசரப்படுத்தினால், "தீயோட வெளையாடுறதெல்லாம் உங்க கம்பெனில வச்சுக்கோங்க. இங்கன வேண்டாம்" என்பார். இதைப் படிக்கிறவர்கள் இந்த ஒன்றை மறக்கக் கூடாது.

கடைசியில் பெயின்ட் மட்டும் பாக்கி. கையில் காசு இல்லை. எங்கள் கம்பெனியில் அலுமினியப் பவுடரில் வேலை செய்கிறவர்கள் சாயங்காலம் வெளியே வரும்போது வெள்ளிக் கவசம் சாத்திய சாமி மாதிரி இருப்பார்கள். அதைத் தினமும் பார்க்கிறவனுக்குப் புத்தி எங்கே போகும்? அந்தப் பவுடரைத் தூக்குவாளியின் அடித் தட்டில் போட்டு இரண்டு நாள் கொண்டுவந்தேன். திருட்டுதான். வேறு பேர் சொல்லவில்லை.

அதுவும் கலவை அறையில் திறந்து கிடந்த பவுடர். ஒரு தடவை அங்கே திறந்துவிட்டால் அதில் மற்ற வெடிமருந்தின் தூசி விழாமல் இருக்காது; விழுந்தால் சூடு பட்டதும் வெடிக்கும். இருபது வருஷம் வேலை பார்த்தவனுக்கு இது தெரியாதா? தெரியும்.

வார்னிஷில் குழைத்து டேங்க்குக்கும் பக்கப் பெட்டிக்கும் அடித்தேன். வண்டி ஜொலித்தது. மீதிப் பவுடர் ஒரு பால்பவுடர் டப்பாவில் முக்கால் அளவு இருந்தது.

என் மனைவி அதைப் பார்த்துவிட்டாள். "அடுப்பு எரியிற வீட்ல இதை வைக்காதீக. மொதல்ல கொண்டுபோய்க் கெணத்துல போடுங்க" என்றாள். போட்டுவிட்டதாக மறுநாள் சொன்னேன். போடவில்லை. சைலன்சருக்கு ஒரு பூச்சு வேண்டியிருந்தது; வீணாக்க மனசு வரவில்லை. வீட்டில் வைத்தால் ஆபத்து, சோதனை வந்தால் கேஸ். வண்டி வெளியேதானே நிற்கிறது என்று அதன் பக்கப் பெட்டிக்குள் ஸ்பேனரோடு ஸ்பேனராக வைத்துப் பூட்டினேன். மருந்து வீட்டுக்குள் இருக்கக் கூடாது, அவ்வளவுதான் எங்கள் பக்கத்து ஆட்களுக்குப் புத்தியில் பதிந்திருப்பது. வெளியே வைத்தால் தீர்ந்தது என்று நினைத்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, சந்தனம் குங்குமம் பூசி, அவளை ஏற்றிக்கொண்டு அம்மன் கோயிலுக்குப் போய் வந்தேன். வழியெல்லாம் அவள் என் தோளைப் பிடிக்காமலே உட்கார்ந்து வந்தாள். "மெத்தையில இருக்காப்ல இருக்கு" என்றாள். திரும்பி வரும்போது கால் தட்டு ஆடியது. வெல்டிங்கில் ஒரு பற்று விட்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கொட்டகைக்குக் கொண்டுபோனேன். அங்கே எங்கள் கம்பெனி போர்மேன் அண்ணாச்சி தன் வண்டிக்குப் பஞ்சர் ஒட்டி முடித்துவிட்டு உட்கார்ந்திருந்தார். வண்டியைத் திருப்பிக்கொண்டு போவதற்குள் அவர் பார்த்துவிட்டார்.

"அடேயப்பா, மாப்பிள்ளை மாதிரில்ல இருக்கு வண்டி! என்னப்பா பெயின்ட் இது? எங்கன வாங்குன?"

"விருதுநகர்ல, அண்ணாச்சி."

"நம்ம கம்பெனி வெள்ளிப் பவுடர் மாதிரியே மின்னுதேன்னு கேட்டேன்" என்று சொல்லிச் சிரித்தார். விளையாட்டாகச் சொன்னாரா, தெரிந்து சொன்னாரா, இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது.

மெக்கானிக் டேங்க்கைக் கழற்றினார். நான் பார்த்தேன். பின்சுவரோரம் கொண்டுபோய் வைத்தார். ஈரச் சாக்கு போட்டார். பாட்டரி ஒயரை உருவினார். சுற்றி வந்து பக்கப் பெட்டியைத் தட்டினார்.

"உள்ள என்ன வச்சிருக்க மாப்ள? ஆயில் டப்பா, துணி ஏதும் இருக்கா?"

"ஒண்ணுமில்ல மச்சான். ஸ்பேனர்தான்."

அண்ணாச்சி எதிரே பெட்டியைத் திறக்க முடியுமா? வேலை போய்விடும். அவர் கிளம்பியதும் எடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். அவரோ எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். "வா, அந்தா ஒரு டீ குடிப்போம். அதுக்குள்ள அவரு முடிச்சிருவாரு." போர்மேன் கூப்பிட்டு எப்படி வரமாட்டேன் என்பது? போனேன்.

டீக்கடை ரோட்டுக்கு அந்தப் பக்கம். கையில் கிளாஸ். எதிரே மெக்கானிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் குத்தவைத்தார். ஒரு சத்தம் போட்டிருக்கலாம். 'மச்சான், பொறு' என்று ஒரு வார்த்தை. வாய்க்குள் டீ இருந்தது, பக்கத்தில் அண்ணாச்சி இருந்தார். தட்டுக்குத்தானே வைக்கிறார், பெட்டிக்கு இல்லையே என்று நினைத்தேன். தட்டின் சட்டமும் பெட்டியின் சட்டமும் ஒன்றுதான் என்று எனக்குத் தெரியும். நான்தானே பக்கத்திலிருந்து பிடித்துக் கொடுத்தேன்.

பெட்டி வெள்ளையாக வெடித்து ஒரு அடி அடித்தது. கண்ணை விழித்தபோது கொட்டகை எரிந்துகொண்டிருந்தது. அவரை நான்கு பேர் இழுத்து வெளியே போட்டோம். முகத்தைப் பார்க்க முடியவில்லை. வலது கையில் மூன்று விரல் இல்லை. கூரை அப்படியே பின்பக்கம் சரிந்து, சாக்கு காய்ந்து, டேங்க்கும் பற்றியது. தண்ணீர் ஊற்றி அணைத்தபோது எல்லாம் ஒரே கரிக்குவியல்.

போலீஸ் வந்து கேட்டார்கள். முதலில் வாய் திறந்தது நான்தான். "டேங்க்கைக் கழட்டாம வெல்டிங் வச்சிட்டாரு போலய்யா."

பக்கத்தில் நின்ற அண்ணாச்சி, "ஆமாங்கய்யா, பெட்ரோல்தான்" என்றார்.

எங்கள் பக்கத்தில் எந்தத் தீ எப்படி எரியும் என்று யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மறுநாள் குழாயடியில் ஒரு பெண் சொல்லிக்கொண்டிருந்தாள். "பெட்ரோல்னா செவப்பா எரிஞ்சு கரும்புகையால்ல வரும்? இது வெள்ளையாப் பொத்துக்கிட்டுப் போச்சே." இன்னொருத்தி அவளை அதட்டினாள். "சும்மா கெட. கம்பெனிக்கு சீல் வச்சா உன் வீட்ல எவ உலை வைப்பா?" அத்தோடு பேச்சு நின்றது. பெட்ரோல் என்பதே ஊர்ச்சொல் ஆகிவிட்டது.

என் மனைவி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் தூக்குவாளியைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் கேட்டாள். "கெணத்துல போட்டேன்னீகளே?"  தேய்த்த வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவளே சொன்னாள். "வெளிய சொல்லீராதீக. உங்களை உள்ள தள்ளிட்டா, இந்தக் காலை வச்சுக்கிட்டு நான் எங்கன போவேன்?" அதற்குப் பிறகு அவள் எந்த வண்டியிலும் ஏறவில்லை. வேலைக்கும் போகவில்லை.

மெக்கானிக்குக்கு இரண்டு கண்ணும் போய்விட்டது. அந்த வருஷம் ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி அம்மன் கோயிலுக்கு நடந்தே போய், அவருக்காக வெள்ளியில் கண்மலர் வாங்கி உண்டியலில் போட்டேன். ஆத்தா முகத்தை நிமிர்ந்து பார்க்காமல் வந்துவிட்டேன். பிரசாதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவர் மனைவி என் கையைப் பிடித்து அழுதார். "கூடப் பிறந்தவன் கூட வரல தம்பி. நீதான் இவருக்காக நடந்து போயிருக்க." அந்தக் கையை நான் உதறவில்லை.

ஏழு வருஷம் இப்படியே போனது. மாதம் ஒரு தடவை அரிசியோ பழமோ கொண்டுபோவேன். போன பங்குனியில் அவர் வீட்டு வாசலில் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். வழியில் ஒருவர் நின்றுபோன வண்டியை உதைத்து உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தத்தைக் கேட்டே இவருக்குக் கோளாறு எது என்று தெரிந்துவிட்டது, உதடு அசைந்தது. ஆனால் சொல்லவில்லை. வண்டிக்காரர், "அண்ணாச்சி, நீங்க மெக்கானிக்காமே, என்னன்னு சொல்லுங்களேன்" என்று கேட்டார்.

"என்னைக் கேக்காதீக. டேங்க்கைக் கழட்ட மறந்தவன் நான்" என்றார்.

வண்டிக்காரர் போன பிறகு மச்சான் என் பக்கம் முகத்தைத் திருப்பி மெல்லச் சொன்னார். "கழட்டினாப்லதான் ஞாபகம் இருக்கு மாப்ள. சாக்கு நனைச்சதுகூட ஞாபகம் இருக்கு. ஆனா ஊரே பாத்திருக்கே. அப்போ எனக்குத்தான் புத்தி பெரண்டு போச்சு. என் கையை நானே நம்ப முடியலை."

கண்ணையும் விரலையும் மட்டும்தான் கெடுத்தேன் என்று அதுவரைக்கும் நினைத்திருந்தேன்.

சொல்லிவிட்டேன். தூக்குவாளி, டப்பா, பெட்டி, டீ, போலீஸ், எல்லாவற்றையும்.  முடிந்த பிறகு அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அப்போ டேங்க்கு?"

"நீங்க கழட்டித்தான் வச்சீக மச்சான். பின்சுவரோரம். நான் பாத்தேன்."

"சாக்கு?"

"போட்டீக."

 வீட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பிக் கூப்பிட்டார். "ஏட்டி, இங்கன வா. இவன் சொல்றதக் கேளு." அவர் மனைவிக்கு மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். அந்த அக்கா கேட்டுக்கொண்டே நின்று, குனிந்து, வாசல் மண்ணை இரண்டு கையாலும் அள்ளி என் தலையில் போட்டார். "உன் கையால வாங்கி ஏழு வருஷம் சோறு தின்னோமேடா!" நான் துடைக்கவில்லை.

"இனிமே இந்த வாசலுக்கு வராத" என்றார் மச்சான். மாப்ள என்று சொல்லவில்லை. "ஆனா ஊருக்குச் சொல்லு. நான் கழட்டி வச்சேன்னு சொல்லு. அதைச் சொல்லாம செத்துராத."

குழாயடியில் சொன்னேன், டீக்கடையில் சொன்னேன். பாதிப் பேர் நம்பவில்லை. மீதிப் பேர், முடிந்துபோனதை ஏன் கிளறுகிறாய் என்றார்கள். அதனால்தான் இந்த எழுத்து. விசாரிக்க வருகிறவர்கள் வரட்டும். நான் விஸ்வநத்தத்தில்தான் இருக்கிறேன்.

இதைப் படித்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது எனக்காக எதையும் மாற்ற வேண்டாம். தெரியாமல் செய்துவிட்டான் என்று சேர்க்காதீர்கள், எனக்குத் தெரிந்துதான் இருந்தது. அவர் மன்னித்தார் என்று சேர்க்காதீர்கள், மன்னிக்கவில்லை. கடைசியில் ஆத்தா கண் திறந்தாள் என்று யாராவது முடித்தால், இல்லை என்று சொல்லுங்கள். மெக்கானிக் டேங்க்கைக் கழற்றி, பின்சுவரோரம் வைத்து, ஈரச் சாக்கு போட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினார். பெட்டியில் என்ன இருக்கிறது என்றும் கேட்டார். இதை இருக்கிறபடியே சொல்லுங்கள்.