கூரைக்குள் விரித்த குடை

ஹெமெய் ஊரில் குடை என்றால் ஆங் தியம்சு. இதை அவரே எல்லோரிடமும் சொல்லிவைத்திருப்பதால் ஊரும் மறுப்பதில்லை. பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருந்ததைவிட வெளியே நின்றதுதான் அதிகம். சிறுவயதில் அடுத்தவர் பட்டறையில் கம்பி வளைக்கப் போனவர், மீசை நரைக்குமுன் சொந்தப் பட்டறை போட்டார். ஜப்பான்காரர்கள் நனையாமல் நடந்ததே தன்னால்தான் என்று இன்றைக்கும் நெஞ்சைத் தட்டிச் சொல்வார். பட்டறையை விற்று ஓய்ந்த பிறகும் அவர் வீட்டில் எந்த மூலையைத் தொட்டாலும் ஒரு குடை தட்டுப்படும்.

அப்படிப்பட்ட வீட்டுக்குள் மருமகள் யாச்சுன், கடையில் வாங்கிய புதுக் கறுப்புக் குடையோடு வந்து இறங்கினால் அவர் என்ன நினைப்பார்?

மகன் செங்வெய்க்குத் தைபேயில் வேலை. வெள்ளிக்கிழமை மாலை மனைவியோடும் மகள் ஷின்ஷினோடும் வந்தவன், சனி ஞாயிறு இரண்டு நாளும் அப்பா அம்மாவைத் தைபேய்க்கு அழைத்துப்போய், பெரிய கோபுரத்தைக் காட்டி, தன் புது வீட்டில் தங்கவைக்கப் போவதாகச் சொன்னான். வடக்கே விடாத மழை என்று தொலைக்காட்சியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அடுத்த வாரம் போனால் என்ன என்று தியம்சு கேட்டதற்கு, டிக்கெட் எடுத்தாகிவிட்டது என்று முகத்தைப் பார்க்காமலே பதில் சொன்னான். மழையில் கோபுரம் பார்க்க இவ்வளவு அவசரம் எதற்கு என்று அவருக்கு உறுத்தியது.

ஹெமெய்க்காரருக்குப் புதுக் கறுப்புக் குடை ஒரு வேலைக்குத்தான். வீட்டு முன்னோர் வாசல் தாண்டிப் புறப்படும்போது வானம் படாமல் அவர்களுக்கு மேலே பிடிப்பதற்கு.

சனிக்கிழமை காலை முன்னோர் பெயர்ப்பலகைக்கு முன்னால் ஊதுவத்தி ஏற்றப் போனவர் சாம்பல் கிண்ணத்தைக் குனிந்து பார்த்தார். தினமும் அவர் கையால் தட்டிச் சமன் செய்கிற ஊதுவத்திச் சாம்பல், முன்னோர் குடியிருப்பதே அதில்தான். ஓரத்தில் கரண்டி போன பள்ளம். அடுக்களை மேசையில், மருமகள் கட்டிவைத்த பலகாரக் கூடையின் மூலையில் சிவப்புத் துணிப் பொட்டலம். அவிழ்த்துப் பார்த்தார். சாம்பல்தான்.

அப்பன் கண்ணை மூடிய பிறகு, பிள்ளைகள் தனித்தனி அடுப்பு வைக்கும்போதுதான் முன்னோர் கிண்ணத்திலிருந்து சாம்பல் எடுத்துப் புதுக் கிண்ணம் வைப்பார்கள். அப்பன் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும்போதே எடுத்தால், அவனைச் செத்தவனாக்கிவிட்டார்கள் என்றுதான் ஊர் சொல்லும். இன்றைக்குச் சாம்பல் போகும், நாளைக்குப் பெயர்ப்பலகை போகும், அதற்கடுத்து வீட்டுக்குப் பூட்டு வரும். இந்த வயதில் காலையில் எழுந்து வெறும் சுவரைப் பார்த்தா கும்பிடுவது?

அவர் கத்தவில்லை. முன்னோர் முன்னால் கத்துகிற குடும்பம் இல்லை அது. பெஞ்சுக்கடியில் கொசுவத்தி எரிந்து கிடந்த தட்டை எடுத்தார். இருமல் மிட்டாய் டப்பாவைக் காலி செய்து, முன்னோரை அதில் கொட்டிச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானும் மாட்டினார். சிவப்புத் துணிக்குள் கொசுவத்திச் சாம்பலை வைத்து, மருமகள் போட்ட முடிச்சையே போட்டார். கம்பி முறுக்கிய விரலுக்கு முடிச்சு ஒரு பெரிய காரியமா?

ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் கார் தாதூ ஆற்றுப் பாலத்தில் ஏறியது. பின்னிருக்கையில் கூடையை மடியில் வைத்திருந்த யாச்சுன் உதடு அசையாமல் முணுமுணுத்தாள். பாலம் வந்தால் முன்னோருக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் அவர்கள் அக்கரையிலேயே நின்றுவிடுவார்கள். கொசுவத்திக்குப் போய் வழி சொல்கிறாளே என்று தியம்சு உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். பாதிப் பாலம் தாண்டியபோதுதான் அவருக்குச் சுருக்கென்றது. டப்பாவில் இருப்பவர்களுக்கு யார் சொன்னது?

"பாலம் வருது, பிடிச்சுக்கோங்க," என்று சட்டைப் பையைப் பார்த்துக் கிசுகிசுத்தார்.

பக்கத்தில் இருந்த மனைவி சியூமே திரும்பினாள். "யார்கிட்ட பேசறீங்க?"

"இருமல்."

"இருமலுக்கெல்லாம் பாலம் காட்டறீங்களா இப்போ?"

ரயில் நிலையத்துக்குள் நுழைந்ததும், தலைக்கு மேலே அத்தனை பெரிய கூரை இருக்க, யாச்சுன் கறுப்புக் குடையை விரித்துக் கூடைக்கு மேல் பிடித்தாள். பூ வாடிவிடும் என்றாள். கூடையில் பூ எதுவும் இல்லை. தியம்சு கொஞ்சம் தயங்கினார். பிறகு தன் பழைய குடையைப் படாரென்று விரித்து நெஞ்சுக்கு மேல் பிடித்துக்கொண்டார். கூரை ஒழுகும், இந்தக் காலத்துக் கட்டடத்தை நம்ப முடியாது என்று எவரும் கேட்காமலே சொன்னார். மாமனாரும் மருமகளும் ஆளுக்கொரு குடையோடு காய்ந்த தரையில் நடந்து போனதை ஜனங்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். யாச்சுன் அவர் குடையைப் பார்த்தாள். அவர் அவள் கூடையைப் பார்த்தார்.

தைபேயில் கோபுரம் இடுப்பு வரைதான் தெரிந்தது, மிச்சமெல்லாம் மேகம். இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் என்றார் தியம்சு. நூடுல்ஸ் கடையில் சாப்பிடும்போதும் கையைச் சட்டைப் பையிலிருந்து எடுக்கவில்லை. நெஞ்சு வலிக்கிறதா என்று மகன் கேட்டபோது, எதற்காக இவன் என் நெஞ்சை விசாரிக்கிறான் என்று அதற்கும் ஒரு சந்தேகம் முளைத்தது.

செங்வெய் வீட்டுக்குள் காலை வைத்ததும் தெரிந்துவிட்டது. கூடத்தில் புதிதாக ஒரு மேடை. அதன்மேல் வெள்ளைப் பீங்கான் கிண்ணம், பழம், மூன்று கோப்பை மது. செங்வெய் தொண்டையைச் சரிசெய்துகொண்டான். ஊரில் கேட்டால் நீங்கள் வாசலைத் தாண்டியே வரமாட்டீர்கள், அதனால்தான் முன்னோருக்கு இந்த வீட்டிலும் கிண்ணம் வைக்கலாமா என்று இங்கே அழைத்து வந்து கேட்கிறோம் என்றான்.

"என்கிட்ட எதுக்குக் கேக்கற? அவங்களைக் கேளு," என்று மேடையைக் காட்டிவிட்டு நாற்காலியில் சாய்ந்தார் தியம்சு. வெற்றி தன் பக்கம் என்று அவருக்குத் தெரியும்.

யாச்சுன் பொட்டலத்தைக் கிண்ணத்தில் கொட்டினாள். செங்வெய் மண்டியிட்டு, பிறை வடிவ மரக்கட்டை இரண்டையும் போட்டான். ஒன்று கவிழ்ந்து ஒன்று நிமிர்ந்தால் சம்மதம். இரண்டும் நிமிர்ந்து ஆடின. முன்னோர் சிரிக்கிறார்கள். மறுபடி போட்டான், இரண்டும் கவிழ்ந்தன. அவர்களுக்கு இஷ்டமில்லை. அடுத்த முறையும் அப்படியே. கொசுவத்தி எப்படியப்பா சம்மதம் சொல்லும் என்று தியம்சு மீசையைத் தடவிக்கொண்டார்.

யாச்சுன் கட்டையைக் கணவனிடமிருந்து வாங்கிக்கொண்டு தரையில் நெற்றி பட விழுந்தாள்.

"தாத்தா, பாட்டி, எல்லாரும் கேளுங்க. மார்ச்ல ஷின்ஷினுக்குக் காய்ச்சல் மண்டைக்கு ஏறிக் கண்ணே திறக்கல. ஆஸ்பத்திரி வராந்தாவுல உட்கார்ந்து எங்க வீட்டு சாமியை எல்லாம் கூப்பிட்டேன். கடைசியா உங்களைக் கூப்பிட்டேன். பொழைக்க வச்சீங்கன்னா தினம் என் கையால ஊதுவத்தி வைக்கிறேன்னு சொன்னேன். பொழைச்சுட்டா. நீங்க வர மாட்டேன்னா நான் எப்படி வாக்கைக் காப்பாத்துறது?"

சியூமே வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்கும் தெரியாது. ஊரில் கிழவனும் கிழவியும் பயப்படுவார்கள் என்று மறைத்திருக்கிறார்கள். ஷின்ஷின் ஜன்னலோரம் மழைத்துளிகளுக்குப் பந்தயம் விட்டுக்கொண்டிருந்தாள். தியம்சு அந்தக் குழந்தையைப் பார்த்தார். யாச்சுன் கட்டையைப் போட்டாள். இரண்டும் கவிழ்ந்தே விழுந்தன. அவள் தலை தூக்கவில்லை, தோள் மட்டும் குலுங்கியது.

சட்டைப் பை கனத்தது. கொடுத்தால் ஊர் பேசும். கொடுக்காவிட்டால் தன் வீட்டு முன்னோரிடம் பிள்ளைக்காகக் கெஞ்சியவள், அவர்கள் தன்னைக் கைவிட்டார்கள் என்று காலம் முழுக்க நம்புவாள். முன்னோர் பெயரை அப்படிக் கெடுக்க அவர் யார்?

எழுந்து போய்க் கிண்ணத்தைக் கையிலெடுத்தார். ஜன்னலைத் திறந்து உள்ளே இருந்ததை மழையில் கவிழ்த்தார். யாச்சுன் பதறி எழுந்தாள்.

"கடையில வாங்குன குடை. மழைச்சாரல் உள்ள போயிருக்கும், சாம்பல் நமுத்துப்போச்சு," என்றார். "நான் ஒத்தைக் கம்பிய நம்பி எந்தக் குடையும் செஞ்சதில்ல. இப்படி ஆகும்னு தெரிஞ்சுதான் கையோட வேற கொண்டுவந்தேன்."

இருமல் மிட்டாய் டப்பாவைத் திறந்து கிண்ணத்தில் கொட்டி, விரலால் தட்டிச் சமன் செய்தார். "இப்பப் போடு."

ஒன்று கவிழ்ந்தது, ஒன்று நிமிர்ந்தது. மூன்று முறையும் அப்படியே.

செங்வெய் அப்பாவின் முன்யோசனையை மெச்சினான். அவரும் குறைத்துச் சொல்லவில்லை. யாச்சுன் மட்டும் காலியான சிவப்புத் துணியை எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள். அவரை ஒருமுறை பார்த்தாள். துணியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு தேநீர் போடப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமையும் மழை. வழியனுப்ப வந்த யாச்சுன் ரயில் நிலைய வாசலில் மெதுவாகச் சொன்னாள்.

"இனி உள்ள குடை விரிக்க வேணாம்ப்பா. இப்ப உங்க பையில யாரும் இல்ல."

தியம்சு சட்டைப் பையைத் தட்டினார். டப்பாவின் அடியில் மிச்சம் வைத்திருந்த சாம்பல் லேசாகச் சலசலத்தது.

"எல்லாரையும் உன்கிட்ட விட்டுட்டுப் போவேன்னு நினைச்சியாம்மா? பாதிப் பேர் என்கூட ஊருக்கு வர்றாங்க," என்று சொல்லிவிட்டு, கூரைக்கடியில் குடையைப் படாரென்று விரித்துக்கொண்டு நடந்தார்.