சவரியம்மாள் வீட்டு வாசலில் வரிசை

பிச்சாவரம் போகிற சாலையில் சவரியம்மாள் வீடு எது என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. அவள் வீட்டு பாத்ரூம் எங்கே என்று கேட்டால் பெங்களூர்க்காரன்கூட வழி சொல்வான். கேலி இல்லை, நிஜம்தான்.

அவளும் நானும் ஒரே கொட்டகையில் இறால் உரிக்கிறோம். அவள் கல்யாணமாகி வந்தபோது அந்த வீட்டில் கக்கூஸ் கிடையாது. பகலெல்லாம் அடக்கிக்கொண்டு கிடந்து, இருட்டினதும் பெண்கள் கூட்டமாகக் கருவேலங்காட்டுக்குள் போவோம். மகள் வெண்மதி பிறந்ததும், இவளுக்கு இந்தப் பாடு வரக்கூடாது என்று ஒரே பிடியாக நின்றாள். ஐஸ் தண்ணீரில் கை மரத்துப்போக உழைத்து, வாசலோரம் ஒரு பாத்ரூம் கட்டினாள். வீட்டுத் தரை இன்னும் சிமெண்டுதான். டைல்ஸ் பாத்ரூமுக்கு மட்டும்.

போன வருஷம் ஒரு நாள், படகுச் சவாரிக்குக் காத்திருக்கும் கார்கள் அவள் வாசல்வரை நின்றன. காரில் வந்த பிள்ளைத்தாச்சி ஒருத்தி தவித்துக்கொண்டிருந்தாள். சவரியம்மாள் தன் பாத்ரூமுக்குக் கூட்டிப்போனாள். இதில் என்ன தப்பு? அந்தப் பெண் நன்றி காட்டுவதாக நினைத்து, போன் மேப்பில் அந்த இடத்தை ஏற்றி ஐந்து ஸ்டாரும் போட்டுவிட்டாள். சுத்தம், இலவசம், அம்மா தங்கமானவர் என்று எழுத்து வேறு.

நல்லதுக்குக் காலமில்லை. வேன் வேனாக வந்து இறங்கினார்கள். இது எங்கள் வீட்டுது என்று சொன்னால் சிலர் மன்னிப்புக் கேட்டுத் திரும்பினார்கள். சிலர் மேப்பைக் காட்டி அவளிடமே சண்டைக்கு நின்றார்கள். கைக்குழந்தையோடு நிற்பவளைத் துரத்த அவளுக்கு வாய் வரவில்லை.

சென்ற சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு பேரும் வேலை முடிந்து திரும்பினோம். வாசலில் நீள வரிசை. கடைசியில் நின்ற ஒருவன் எங்களைப் பார்த்து, "ஆன்ட்டி, லைன்ல வாங்க" என்றான். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவள் வீட்டு வாசலில் அவளுக்கே வரிசையா? நான் அவனை ஏசத் தொடங்குவதற்குள் அவள் வீட்டுக்குள் போய்விட்டாள். நானும் பின்னாலேயே போனேன்.

வெண்மதி மூலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லையாம். எல்லாரையும் விரட்டிவிட்டு வருகிறேன் என்று கிளம்பிய அம்மாவின் கையை மகள் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்மா. அத்தினி பேரு பாக்க எப்டிப் போறது? கடைசிப் படகு வந்தா கெளம்பிடுவாங்க. இருட்டட்டும், போயிக்கிறேன்."

சவரியம்மாள் சுவரைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வெளியே யாரோ, வாளியில் தண்ணீர் தீர்ந்துவிட்டது என்று அவளைக் கூப்பிட்டார்கள்.