வேம்பின் உச்சியில் மஞ்சள் சேலை

நான் ஆடு மேய்க்கும் தோட்டத்துக் காவல்காரர் யாரையும் முகம் பார்த்துப் பேசமாட்டார். எப்போதும் நிமிர்ந்து வேப்பமரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அதன் உச்சிக் கிளைகளில் பெயிண்ட் வாளிகளைக் கட்டிக் கஞ்சாச் செடி வளர்த்தார். கீழே வைத்தால் என் ஆடுகள் தின்றுவிடும், போலீஸும் பார்த்துவிடும்.

மாசியில் வேம்பு இலையெல்லாம் உதிர்த்துவிட்டது. அதை அவர் யோசிக்கவே இல்லை.

“ஏலே, ரோட்டுல இருந்து தெரியுதா?”

“திருவேங்கடம் போற பஸ்ஸுல தூங்குதவனுக்குக்கூட தெரியும் அண்ணாச்சி. பிடுங்கி எறிஞ்சிரும்.”

“எறிஞ்சிட்டா வீட்டுக்காரி வலியில கத்துவாளே. இதக் காய்ச்சிக் குடிச்சாத்தான் கண்ணசருதா.”

என் அம்மாவும் கடைசியில் அப்படித்தான் கத்தினாள். அவள் செத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. வீட்டுக்குப் போய் அவளுடைய மஞ்சள் சேலையை எடுத்துவந்து கொடுத்தேன். அவர் மேலே ஏறி வாளிகளை மறைத்துச் சுற்றிக் கட்டினார். வேம்பில் மஞ்சள் சேலை இருந்தால் எங்கள் பக்கம் அது அம்மன், யாரும் தொடமாட்டார்கள்.

மறுநாள் பஸ் மரத்தருகே மெதுவாகப் போனது. ஜன்னலோரப் பெண்கள் கும்பிட்டார்கள். வெயிலில் அம்மாவின் சேலை காற்றடைத்து, வானத்தில் தனியாக மிதப்பதுபோல் இருந்தது. என் பக்கத்தில் நின்ற காவல்காரரும் கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். உள்ளே இருப்பது என்னவென்று தெரிந்தவர். யாரைக் கும்பிட்டாரோ தெரியாது. நானும் கும்பிட்டேன்.