பிறர் பெயரில் வென்றவள்

ஸ்ரெல்லா முல்லைத்தீவில் மீன்பிடிக்கும் யோசெப்பின் மகள். போன் திருத்தும் கடையொன்றில் வேலை. மத்தியானம் கடை ஓய்ந்திருக்கும்போது போனில் துப்பாக்கிச் சண்டை விளையாடுவாள். கை அவ்வளவு வேகம். அதை அறிந்த சிலர் தங்கள் பாஸ்வேர்டைக் கொடுத்தார்கள். அவர்கள் பெயரில் விளையாடி, விளையாட்டுத் தரவரிசையில் அவர்களின் றாங்கை உயர்த்திக் கொடுத்து, கூலி வாங்கினாள். மீன் வெட்டிக் கொடுத்தால் கூலி இல்லையா, இதுவும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

அப்படிக் கேட்டு வந்த கிளிநொச்சிப் பெடியன் நிஷாந்தனை மூன்று வாரத்தில் மேலே ஏற்றிவிட்டாள். வழியில் யாரை வென்றாள் என்று பார்க்கவில்லை.

பிறகு ஒருநாள் உடையார்கட்டிலிருந்து யதுர்ஷிகா உடைந்த போனோடு வந்தாள். உயர்தரம் படிக்கிற பிள்ளை.

"போன் துப்பாக்கிச் சண்டைப் போட்டிக்குப் போற வன்னி அணிக்கு றாங்க் பாத்து ஐஞ்சு பேரை எடுத்தவை, அக்கா. நான் ஆறாவது. ஐஞ்சாவது நிஷாந்தன் எண்டு ஒராள். என்னை மூண்டு தரம் வெண்டவர். அவற்ற ஆட்டத்தைப் பாத்துத்தான் இப்ப பழகிறன்."

ஸ்ரெல்லாவின் கையிலிருந்த திருகாணி எங்கோ விழுந்தது. "நல்லா விளையாடுறார்" என்று மட்டும் சொன்னாள்.

வவுனியாவில் நடந்த போட்டியைக் கடையிலிருந்தே போனில் பார்த்தாள். ஒவ்வொரு சுற்றிலும் நிஷாந்தன்தான் முதலில் விழுந்தான். வர்ணனை சொன்னவர் சிரித்தார். அணி முதல் நாளே வெளியேறியது. பின்னேரம் அவன் அழைத்தான்.

"அக்கா, ஒருத்தரும் என்னோட கதைக்கினமில்லை."

அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

ஞாயிறு பூசையில், பாவத்தோடு நற்கருணை வாங்கக் கூடாது என்று அவள் எழும்பவில்லை. "என்னடி?" என்றார் தாய் யூலிற்றா. "ஒண்டுமில்லையம்மா" என்றவள், அப்படியே பஸ் ஏறி, உடையார்கட்டில் விசாரித்து யதுர்ஷிகாவின் வீட்டுக்குப் போனாள். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள்.

யதுர்ஷிகா கேட்டாள்: "இவ்வளவு கெட்டிக்காரி. ஏனக்கா உங்கட பேரில விளையாடேல்லை?"

"தெரியேல்லை."

"சரி, போங்கோ." கதவு சாத்தப்பட்டது.

நிஷாந்தனிடம் முதலில் சொல்லிவிட்டு, போட்டி நடத்தியவர்களுக்கு உண்மையை எழுதினாள். அவன் கெஞ்சினான், திட்டினான். பிறகு அவளுடைய போன் இலக்கத்தைத் தடுத்துவிட்டான். அவளுக்கும் நிஷாந்தனுக்கும் விளையாட ஒரு வருடத் தடை வந்தது. யதுர்ஷிகாவை அடுத்த அணியில் எடுத்தார்கள்.

இன்னமும் சிலர் கடைக்கு வந்து, "றாங்க் ஏத்தித் தருவீங்களோ?" என்று கேட்கிறார்கள். இல்லை என்கிறாள். தலை நிமிராமல்தான் சொல்கிறாள்.