செத்தவரின் கைநாட்டு

அந்தச் சிவப்புப் பேனையை நான் தொட்டிருக்கவே கூடாது. இப்போது நினைத்தாலும் என் கையை நானே அடிக்க வேண்டும்போல வருகிறது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த முதல் வருடங்களில் லண்டனில் ஓர் அறக்கட்டளை அலுவலகத்தில் வேலை பார்த்தேன். காய்ந்து கட்டாந்தரையாகிப்போன மேய்ச்சல் நிலத்தை ஊர்ச் சனங்களே மீட்டெடுக்க நாங்கள் பணம் கொடுப்போம். என் மேசைக்கு வந்தது வட கென்யாவின் பாலைநிலத்தில் ஆடு மேய்க்கும் ஓர் ஊர். மழைத்தண்ணீர் ஓடிவிடாமல் தேங்குவதற்குப் பிறை வடிவில் குழி வெட்டி, புல் விதைத்து, சுற்றிவர முள்வேலி அடைத்து, இரண்டு மழைக்காலம் ஓர் ஆட்டையும் உள்ளே விடாமல் காக்க வேண்டும். விதைக்கும் காவல்காரரின் சாப்பாட்டுக்கும் எங்கள் பணம். குழி வெட்டும் உழைப்பு அவர்களுடையது. யார் யார் வேலைக்கு வந்தார்கள் என்று பெயர் எழுதி, கைநாட்டு வைத்து, மாதம் ஒரு இடாப்பு, அதாவது வரவுப் பதிவேடு, அனுப்ப வேண்டும் என்பது எங்கள் சட்டம்.

அந்த ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார்தான் எல்லாவற்றையும் எழுதி அனுப்புவார். முதல் மாதக் கடிதத்தில் வயதான ஒருவர் இறந்துபோன செய்தியும் இருந்தது. மூன்றாம் மாத இடாப்பில் அதே மனிதர் ஆறு நாள் குழி வெட்டியிருந்தார். எனக்கு ஒரே புளுகம், தலைகால் தெரியாத சந்தோஷம். ஆகா, பிடித்துவிட்டேன்! ஓரத்தில் சிவப்பு மையில் எழுதினேன்: "இறந்தவர் எப்படி வேலைக்கு வந்தார்?" வாத்தியாரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஃபைலை அப்படியே மேலே அனுப்பினேன். பெரிய கெட்டிக்காரன் அல்லவா நான்! மேலதிகாரி முதுகில் தட்டிக் கொடுத்தார். அடுத்த தவணைப் பணம் நின்றுபோனது.

அதற்குப் பிறகுதான் வாத்தியாருக்குப் போன் எடுத்தேன். "அலுவலகத்தில் கேட்கிறார்கள்," என்று சொன்னேன். அவர் எதையும் ஒளிக்கவில்லை. மந்தையோடு தூரம் போனவர், படுக்கையில் கிடப்பவர், செத்தவர், யார் வீட்டில் ஆள் இல்லாவிட்டாலும் பக்கத்து வீட்டார் அவர் பெயரில் வெட்டி, அந்தப் பெயருக்கு நேரே தங்கள் பெருவிரலை வைப்பார்களாம். இடாப்பில் பெயர் இல்லாத வீட்டுக்குப் புல்லில் பங்கு இல்லை. செத்தவரின் மனைவிக்குப் பங்கு இல்லாமல் போய்விடக் கூடாது என்றுதான் அவர் பெயரை நீக்காமல் விட்டிருக்கிறார்கள். "குழிகள் இருக்கின்றன ஐயா. வந்து எண்ணிப் பாருங்கள்," என்றார்.

அன்று பின்னேரம் கிழக்கு லண்டன் பிளேஸ்டோவில் இருந்த வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். வெங்காயம் அரிந்துகொண்டிருந்தவள் கத்தியை வைத்துவிட்டாள்.

"இஞ்சேருங்கோ, போன சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூட ஹோலைக் கூட்டுற முறை ஆரின்ரை?"

"என்ரை."

"நீங்கள் வந்தனீங்களோ?"

"காய்ச்சலெண்டு படுத்துக் கிடந்தனான்."

"நான்தான் கூட்டினனான். உங்கடை பேருக்கு நேரை கையெழுத்தும் வைச்சனான். அது கள்ளமோ? உங்களுக்கொரு சட்டம், அந்தச் சனத்துக்கு வேறை சட்டமோ?"

அவள் வைத்த கத்தியை எடுத்து மிச்ச வெங்காயத்தை நான் அரிந்தேன்.

அடுத்த நாளே விளக்கம் எழுதினேன். அறக்கட்டளையின் குழு கூடியது. நல்ல மனம் வேறு, பொய்க் கைநாட்டு வேறு என்றார்கள். என் சிவப்பு எழுத்தையே எனக்கு முன்னால் நீட்டினார்கள். மேலும் இரண்டு கடிதம் எழுதினேன், அதை வாத்தியாருக்கும் போனில் சொன்னேன். வெட்கத்தை விட்டுக் கெஞ்சினேன். ஒன்றும் நடக்கவில்லை.

பாழாய்ப்போன மழை அந்த வருடம் பார்த்துப் பெய்தது. புல் விரல் நீளத்துக்கு வந்துவிட்டது என்று வாத்தியார் போனில் சொன்னபோது எனக்கு அழுகை வந்தது. காவல்காரர் சில கிழமை பட்டினியோடு நின்று பார்த்துவிட்டுக் கூலி தேடிப் போனார்கள். வெளியூர் மந்தைகள் வேலியைப் பிரித்துக்கொண்டு புகுந்தன. ஐந்தே நாளில் வேர்கூட மிஞ்சவில்லை. செத்தவரின் மனுஷிக்கு மட்டுமல்ல, ஊரில் ஒருவருக்கும் பங்கு என்று எதுவும் இல்லாமல் போயிற்று.

ஃபைலை மூடிய பிறகு ஒரு தபால் வந்தது. பணம் நின்ற பிறகும் அவர்கள் வேலை செய்த கடைசி மாதத்தின் இடாப்பு. அதை ஒருவரும் கேட்கவில்லை. பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். கடைசியில் என் பெயர் இருந்தது. நான்கு நாள். நேரே சின்னதாக ஒரு பெருவிரல் அடையாளம்.

கீழே வாத்தியார் எழுதியிருந்தார்: "நீங்கள் எங்களுக்காகக் கடிதம் எழுதிக்கொண்டு தூரத்தில் இருந்தீர்கள். அதனால் செத்தவரின் மனைவி உங்கள் பெயரில் வெட்டினார்."

சிவப்பில் எழுதியவன் நான்தான் என்று அவர்களுக்கு நான் கடைசிவரை சொல்லவில்லை.