மூன்று நாள் நிற்காமல் ஓடிய லாரி

லாரிக்காரருக்கு வயது நாற்பத்தெட்டு. இருபது வருஷம் அடுத்தவர் வண்டியை ஓட்டிவிட்டு, பிறகு ஒரு பழைய லாரியைச் சொந்தமாக வாங்கியவர். ஓட்டுவதில் கெட்டிக்காரர், எந்தச் சந்துக்குள்ளும் பின்பக்கமாகவே நுழைந்துவிடுவார். ஆனால் கையில் ஸ்பேனர் கிடைத்துவிட்டால் ஆளே வேறு. அவர் பழுது பார்த்த மின்விசிறி காற்றைக் கூரைக்கு அனுப்பியது. சமையலறைக் குழாயைத் திறந்தால் குளியலறையில் தண்ணீர் கொட்டியது. குளிக்கப் போகிறவர் சமையலறையில் இருப்பவருக்குக் குரல் கொடுப்பது அந்த வீட்டில் வழக்கமாகிவிட்டது.

லாரியை மட்டும் மனைவியின் தம்பி பார்த்துக்கொண்டான். நல்ல மெக்கானிக், வாய்தான் கொஞ்சம் நீளம். "மாமா, ஓட்டுறதோட நிறுத்திக்குங்க. உள்ள கைய விடாதீங்க" என்று நாலு பேர் எதிரில் சொல்லிவிட்டான். மாமாவுக்குச் சுருக்கென்றது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வாசலில் சாக்கை விரித்து, சர்வீஸைத் தானே ஆரம்பித்துவிட்டார்.

ஆயில் மாற்றினார். டீசல் ஃபில்டர் மாற்றினார். கண்ணில் பட்ட துருவையெல்லாம் சுரண்டி, பேட்டரி ஒயரைக் கழற்றி வைத்துவிட்டுச் வண்டியின் இரும்புச் சட்டத்துக்குக் கறுப்புப் பெயிண்ட் அடித்தார். எல்லாவற்றையும் திரும்ப மாட்டிய பிறகு ஒரு போல்ட்கூட மிச்சமில்லை. பெருமையோடு சாவியைத் திருப்பினார். 'டக்' என்றது. அவ்வளவுதான்.

ஹாரனை அடித்துப் பார்த்தார். தெருவே திரும்பிப் பார்த்தது. அப்படியானால் பேட்டரியில் உயிர் இருக்கிறது. டீசல் லைனில் காற்று நுழைந்திருக்கும் என்று திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அமுக்கி, குமிழி போகும்வரை காத்திருந்தார். மறுபடியும் 'டக்'.

கடைசியில் தெருக்காரர்கள் ஒன்பது பேர் தள்ளினார்கள். வண்டி கிளம்பிவிட்டது. வீட்டுக்கு முன்னால் கொண்டுவந்து, இன்ஜினை நிறுத்துவதற்கான குமிழை இழுத்தார். குமிழும் அதன் ஒயரும் ஒரு முழத்துக்குக் கையோடு வந்தன. சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டார். பழைய டீசல் இன்ஜின் குமிழுக்குத்தான் நிற்கும், சாவிக்கு நிற்காது. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"சாவியத்தான் எடுத்துட்டீங்களே, அப்புறம் எதுல ஓடுது?" என்றார் எதிர்வீட்டுத் தையல்காரர்.

"டீசல்ல."

கியரில் போட்டுப் பிரேக்கை மிதித்தால் நின்றுவிடும் என்பது அவருக்குத் தெரியாதா? நின்றபின் தள்ளுவது யார்? மனைவியிடம் நிதானமாக விளக்கினார். "கிளம்பாதுன்னா ஒரு கோளாறு. நிக்காதுன்னா ஒரு கோளாறு. நிக்காத வண்டிய எதுக்குக் கிளப்பணும்? ரெண்டும் சேந்தா கோளாறே இல்ல."

"என் தம்பியக் கூப்பிடட்டுமா?"

"உசிரே போனாலும் வேணாம்."

ஓடுகிற வண்டியைத் தனியே விட முடியாது. கணவனும் மனைவியும் முறைவைத்து உட்கார்ந்தார்கள். அவள் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தபடி வெங்காயம் நறுக்கினாள். திங்கட்கிழமை சிமெண்ட் ஏற்றிப்போய் இறக்கும்போதும் இன்ஜின் ஓடியது. பெட்ரோல் பங்க்கில் டீசல் போடப் போனால், இன்ஜினை அணைத்தால்தான் போடுவோம் என்றார்கள்.

"அணைக்க முடிஞ்சா எனக்கு இவ்வளவு டீசல் எதுக்கு?" என்று கேட்டுப் பார்த்தார். எடுபடவில்லை. அன்றிலிருந்து கேனைத் தூக்கிக்கொண்டு நடந்துபோய் வாங்கிவந்தார்.

செவ்வாய்க்கிழமை தெருக்காரர்கள் கூட்டமாக வந்து சத்தத்தை நிறுத்தச் சொன்னார்கள். பக்கத்து வீட்டுப் பெண் கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வந்தாள். "அண்ணே, நிறுத்திடாதீங்க. ரெண்டு நாளாத்தான் எங்க குழந்த தூங்குது." வந்தவர்கள் தங்களுக்குள்ளேயே சண்டை போட்டுக்கொண்டு கலைந்தார்கள்.

புதன்கிழமை நண்பகல். கேனோடு தெருமுனை திரும்பியவர் அப்படியே நின்றுவிட்டார். காது அடைத்துவிட்டதோ என்று தலையை உதறினார். எங்கோ ஒரு காக்கை கத்தியது நன்றாகக் கேட்டது. வீட்டு வாசலில் இன்ஜின் மூடி திறந்து கிடந்தது. அதன் முன்னால் மனைவி, ஒரு கையில் போன், மறு கையில் கரண்டி.

"என்ன பண்ணுன?"

"தம்பிகிட்ட கேட்டேன். டீசல் பம்பு பக்கத்துல நாக்கு மாதிரி ஒண்ணு இருக்கும், பின்னால தள்ளுன்னான். தள்ளுனேன்."

"இனிமே எப்படிக் கிளப்புறது?"

"அவன் வந்துட்டே இருக்கான்."

பக்கத்து வீட்டில் குழந்தை அழ ஆரம்பித்தது.

மைத்துனன் வந்தான். பேட்டரி ஒயர் சட்டத்தோடு சேரும் இடத்தைக் குனிந்து பார்த்தான். கறுப்பாகப் பளபளத்தது. "பெயிண்ட் மேலயே ஒயர வெச்சு முடுக்கியிருக்கீங்க மாமா. பெயிண்ட் கரண்ட சரியா விடாது. ஹாரனுக்குக் கொஞ்சம் கரண்ட் போதும். ஸ்டார்ட்டருக்குப் பத்துமா?" அந்த இடத்தை மட்டும் சுரண்டி முடுக்கினான். குமிழின் ஒயரைப் பம்பு நாக்கோடு சேர்த்துத் திருகினான். சாவியைத் திருப்பினான், முதல் உறுமலிலேயே கிளம்பியது. குமிழை இழுத்தான், நின்றது.

மாமா தொண்டையைச் செருமினார். "பெயிண்ட் எப்படியிருக்கு?"

மைத்துனன் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தான். "பெயிண்ட் நல்லாத்தான் அடிச்சிருக்கீங்க."

அந்த ஒரு வார்த்தைக்காக அவனைச் சாப்பிடாமல் போகவிடவில்லை. மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். மூன்று நாளாக இன்ஜினுக்கு மேல் கத்திப் பேசிய பழக்கம் கணவன் மனைவிக்கு இன்னும் விடவில்லை.

"இன்னும் கொஞ்சம் போடட்டுமா?" என்று அலறினாள் அவள்.

"போதும்!" என்று அவரும் அலறினார்.

"அவர்தான் போதுங்கிறாரே, விடுங்கம்மா!" என்றார் எதிர்வீட்டிலிருந்து தையல்காரர்.