பதினோரு சட்டைக்கு இஸ்திரி

சனிக்கிழமை நாலு மணியானால் ஹியூபர்ட் கூடத்து மேசையில் பழைய போர்வையை மடித்து விரித்து, ஊர்க் கால்பந்துக் குழுவின் ஜெர்சிகளுக்கு இஸ்திரி போட ஆரம்பித்துவிடுவார். உட்புறம் வெளியே வரும்படி திருப்பி, ஈரத்துணி வைத்து, மிதமான சூட்டில். மனைவி டொரீன் பக்கத்தில் வரக்கூடாது. முதல் வருடம் அவள் கொதிக்கக் கொதிக்க வைத்ததில் நான்காம் எண் பாதி உருகிப்போய், மறுநாள் நடுவர் அந்த ஆட்டக்காரரின் முதுகுக்குப் பின்னால் நின்று கொஞ்ச நேரம் யோசித்தார்.

பதினெட்டு ஜெர்சிகளில் பதினொன்றுக்குத்தான் இஸ்திரி. மற்ற ஏழும் வெறும் மடிப்போடு சரி. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் முதலில் இறங்கப்போவது யார் என்பது புக்கிட் ரோத்தான் ஊரில் முதலில் அந்த மேசைக்குத் தெரியும், அடுத்து டொரீனுக்கு. அதனால் சனிக்கிழமைகளில் அவளுக்குத் தம்பிமார் அதிகம். "அக்கா, என் நம்பரு சூடா இருக்கா, ஆறிக் கெடக்கா?" என்று போன் வரும். "இங்க கரண்டே இல்லடா" என்பாள். பதினான்கு வருடமாக அந்த வீட்டில் சனிக்கிழமை மாலை கரண்டு இல்லை.

ஹியூபர்ட்டுக்கு வயது ஐம்பத்து மூன்று. வார நாள்களில் புஞ்சாக் ஆலாமில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். ஆனால் ஊரில் அவருக்கு 'மேனேஜர்' என்றுதான் பெயர். தோட்டத்துத் திடலில் வெறுங்காலோடு ஆடத் தொடங்கியவர், இருபத்திரண்டு வயதில் தலைநகரத்துக் குழு ஒன்றுக்குத் தாக்குதல் ஆட்டக்காரராகப் போனார். ஒரே பருவத்தில் பத்தொன்பது கோல். எப்படி என்று கேட்டால், "பந்தப் பாக்காத லா. எதிர்ல நிக்கிறவன் எந்தக் கால்ல பாரத்தப் போட்டிருக்கான்னு பாரு. அந்தப் பக்கமா போயிரு. அவன் திரும்புறதுக்குள்ள நீ போயிருவ" என்பார். அவ்வளவுதான் அவருடைய வித்தை.

இன்றும் யாரைப் பார்த்தாலும் முதலில் காலைத்தான் பார்ப்பார். "பொண்ணு பாக்க வந்த அன்னிக்கும் என் காலத்தான் பாத்துக்கிட்டு இருந்தாரு. வெக்கப்படுறாராக்கும்னு நெனச்சேன்" என்று டொரீன் சொல்லிச் சிரிப்பாள்.

பத்தொன்பது கோல் அடித்த அந்தப் பருவத்தின் இறுதியாட்டத்தில் அவர் ஆடவில்லை. உடைமாற்றும் அறைக் கதவில் ஒட்டியிருந்த தாளில் அவர் பெயர் இல்லை. யாரும் வாய்திறந்து சொல்லவுமில்லை. "பூட்ஸ் கயித்தக் கட்டிட்டேன். அப்பறந்தான் பாத்தேன்." இதற்குமேல் ஒரு வார்த்தை அவர் சொல்லி டொரீன் கேட்டதில்லை.

மேனேஜரான பிறகு அவர் எந்தக் கதவிலும் தாள் ஒட்டியதில்லை. இடம் இழந்தவனைச் சனிக்கிழமையே வீட்டுக்குக் கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்து நேரில் சொல்லிவிடுவார். எப்போதும் காலைப் பார்க்கும் மனிதர் அப்போது மட்டும் முகத்தைப் பார்ப்பார். 'தேத்தண்ணி குடிச்சிட்டான்' என்றால் குழுவில் எல்லாருக்கும் அர்த்தம் தெரியும்.

இந்த ஞாயிறு இறுதியாட்டம், பாகான் நக்கோடா ஓமார் ஊர்க் குழுவுடன். ஒன்பதாம் எண் பதினோரு வருடமாக டொரீனின் கூடப்பிறந்த தம்பி ரெய்மண்டுடையது. முப்பத்தைந்து வயது, இதோடு ஆட்டத்தை நிறுத்தப்போகிறான். அதைப் பார்க்க அவன் மனைவி வீட்டார் கெர்லிங்கிலிருந்து வேன் பிடித்து வருகிறார்கள்.

டொரீன் சமையலறையிலிருந்தே எண்ணினாள். பத்து ஜெர்சிகள் கொடியில் தொங்கின. ஒன்பதாம் எண் மட்டும் மேசையோரம் கிடந்தது. ஹியூபர்ட் இஸ்திரிப்பெட்டியை அதன் பக்கம் கொண்டுபோய், வைக்காமல் திரும்ப நிறுத்தினார்.

அந்த நேரம் பார்த்து ரெய்மண்ட் உள்ளே வந்தான். குழுவின் ஐஸ் பெட்டி அவன் பொறுப்பு. சனிக்கிழமை இந்த வீட்டிலிருந்து எடுத்துப்போய்க் கழுவி, ஆட்டத்தன்று ஐஸும் தண்ணீருமாகத் திடலுக்குக் கொண்டுவருவான்.

"டொரீன், ரெண்டு தேத்தண்ணி போடு."

"யாருக்கு அத்தான் தேத்தண்ணி?" என்று சிரித்தவன், மேசையைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

"ஒக்காரு மச்சான். போன வாரம் கோயில் படியில பக்கவாட்டுல எறங்குன. வலது கால ஊனவே இல்ல."

"சுளுக்குதான். ஊசி போட்டுக்குவேன்."

"அவனுங்க ஆளு ஒரு தடவ மோதுனா போதும், காலு போயிரும். ஒனக்குப் பதிலா ஷர்வின் எறங்கட்டும்."

"அவனா? தலைக்குப் பந்து வந்தா கண்ண மூடுறான் அத்தான்!"

"மூடட்டும். காலு நிக்கிது."

"கெர்லிங்லேருந்து வேன் போட்டு வராங்க."

"வரட்டும். என் பக்கத்துல ஒக்காரு."

ரெய்மண்ட் சமையலறைப் பக்கம் திரும்பினான். "அக்கா, நீ ஒன்னும் சொல்லமாட்டியா?"

 ஹியூபர்ட் ரெய்மண்டின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்ததை டொரீன் பார்த்தாள். வேறு யார் வந்திருந்தாலும் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார். அவள் முதுகு தானாக நிமிர்ந்தது. இரண்டு கோப்பைகளையும் கொண்டுவந்து வைத்தாள்.

"ஆறுது, குடி."

குடித்தான். கடைசிச் சொட்டு வரை, மெதுவாக.

"நாளைக்கு வருவியா மச்சான்?" என்றார் ஹியூபர்ட்.

ரெய்மண்ட் இடது காலில் பாரத்தைப் போட்டு எழுந்தான். கதவோரம் இருந்த ஐஸ் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்தான். வாசல் நிலையில் பெட்டி ஒருமுறை இடித்தது. திரும்பிப் பார்க்காமல் வெளியே போனான்.